நாலாவது மைல்

“போயிட்டானா?”

மகள் மார்வா தண்ணீர் தோய்த்த பஞ்சுக் குச்சியைத் தன் உதட்டிலிருந்து எடுக்கும்வரை ஆர்வில் பொறுத்திருந்ததே பெரிய காரியம்.

“இல்லப்பா. நிக்கறாரு.”

“வெயில்லயா?”

“வெயில்லதான்.”

“நல்லது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

படுக்கையைக் கார் ஷெட்டில் போட்டிருந்தது. வீட்டுக்குள் குளுகுளுவென்று அறை இருக்க, சாகப்போகிற மனுஷன் எண்ணெய் நாற்றத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தால் யார் என்ன செய்ய முடியும்? கால்மாட்டில் மருந்து மேஜை. வலது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், கார். ஐம்பத்து மூன்றாம் வருடத்து ஸ்டூடிபேக்கர். தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. வெண்டோவர் உப்புவெளியில் வேகச் சாதனைக்கு ஓடுவதற்கென்றே அண்ணன் ஆர்விலும் தம்பி டுவேனும் சேர்ந்து இழைத்த வண்டி. அதன் முன்மூடி திறந்தே கிடந்தது. இன்ஜினுக்கு வலப்பக்கம் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து வேகம் கூட்டுகிற, நத்தை மாதிரி சுருண்ட டர்போ ஒன்று உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. வெறும் குழாய், அதன் வாயில் பழைய துணி.

அந்த இடது நத்தைதான் இப்போது வெளியே, சித்தப்பா டுவேனின் கக்கத்தில், குளியல் துண்டில் சுற்றி இருந்தது. பத்தொன்பது வருஷம் கழித்து.

“அதைத் தபால் பெட்டிகிட்ட வச்சிட்டுப் போகச் சொல்லு” என்றார் ஆர்வில், கண்ணைத் திறக்காமல்.

மார்வா பக்கக் கதவு வழியாக வெளியே போனாள். நாலு நாளாக மேற்குக் காற்று. உப்புவெளியிலிருந்து கிளம்பி வந்த வெள்ளைப் புழுதி வாசல் சிமெண்டின் மேல் சலித்த மாவாகப் படிந்திருந்தது. அதில் டுவேன் நடந்து நடந்து ஒரு பாதையே போட்டிருந்தார்.

“தபால் பெட்டிகிட்ட வச்சிட்டுப் போவீங்களாம்.”

“அவன் கையிலதான் குடுப்பேன்னு சொல்லு.”

உள்ளே வந்தாள். “உங்க கையிலதான் குடுப்பாராம்.”

“என் கையில இப்ப எலும்புதான் மிச்சம்னு சொல்லு.”

வெளியே போனாள். சொன்னாள்.

“அப்பவும் எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு. மூளைதான் இல்லேன்னு சொல்லு.”

“நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?”

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா மார்வா?”

“உங்க வண்டியில இருக்குமே.”

“சூடாயிடுச்சு.”

“அப்ப சூடாவே குடிங்க.”

அவள் திரும்பி உள்ளே போனபோது அப்பாவின் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. இந்த வாரம் முழுக்க வராத களை.

“இத்தனை வருஷமா அதை எதுல போட்டு வச்சிருந்தானாம்? ஊறுகாய் ஜாடியிலயா? அச்சு துருப்பிடிச்சிருக்கும். கேளு.”

“நீங்களே கேளுங்கப்பா. கதவைத் திறக்கறேன்.”

“திறந்தா நான் செத்துருவேன்.”

“திறக்காட்டியும்தான்.”

ஆர்வில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நெஞ்சில் சிக்கி, அவள் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார்த்த வேண்டி வந்தது. காலையில் வந்த நர்ஸ் இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தேவாலயத்துப் பெண்கள் துக்க வீட்டுக்கென்று அலுமினியத் தாள் மூடிய உருளைக்கிழங்குத் தட்டுகளை இப்போதே கொண்டுவந்து குளிர்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இருமல் அடங்கியது. “உனக்காகத்தான் அவனை உள்ள விடல” என்றார். “உன் ஓட்டத்தைத் திருடினவன்.”

அது மார்வாவுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டிய விஷயமில்லை. அன்று ஓட்டியவள் அவள்தான். இருபத்து நாலு வயது. சாதனை எழுதப்பட வேண்டுமானால் இரண்டு தடவை ஓட வேண்டும்; இரண்டின் சராசரிதான் கணக்கு. முதல் ஓட்டத்தில் மணிக்கு இருநூற்று அறுபது மைலைத் தாண்டிவிட்டாள். முகாம் முழுக்க வந்து கையைக் குலுக்கினார்கள். மறுநாள் காலை இரண்டாவது ஓட்டத்துக்கு உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், வண்டியில் இடது நத்தை இல்லை. டுவேன் தன் பக்கத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வலது நத்தை அப்பாவுடையது, இடது நத்தை சித்தப்பாவுடையது என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு பேச்சு. வேடிக்கைப் பேச்சு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அதற்குப்பின் ஆர்வில் இன்னொரு நத்தை வாங்கவில்லை. “அவன் கொண்டாந்து வைக்கட்டும்” என்பார். துணியை மட்டும் வருஷா வருஷம் மாற்றினார்.

மார்வா மறுபடி வெளியே போனாள். இந்தத் தடவை சேதி எதுவும் இல்லை.

“எதுக்கு இப்ப கொண்டாந்தீங்க? அவர் ஓட்டப் போறதில்ல. நானும் ஓட்டப் போறதில்ல. உங்க மனசு குளிரணும்னா?”

டுவேன் மூட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. தொப்பிக்குக் கீழே காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“இது அதுலதான் இருக்கணும். அதான்.”

“அன்னிக்கும் இருந்திருக்கணும் இல்ல?”

“உன் அப்பன் உன்கிட்ட சொல்லவே இல்லியா?”

“என்ன சொல்லணும்?”

அவர் ஷெட்டுக் கதவைப் பார்த்தார். மூடிய தகடு. பிறகு குரலைத் தாழ்த்தாமல், கதவுக்கும் கேட்கட்டும் என்பதுபோலவே பேசினார்.

“அன்னிக்குக் கடைசி ஓட்டம் உன்னோடது. அதுக்கு மேல வேற தடம் விழல. சாயந்திரம் எல்லாரும் போனப்புறம் நான் தடத்தைப் பார்க்கப் போனேன். அந்த வண்டிக்கு முன்சக்கரம் ரெண்டும் அகலத் தள்ளி இருக்கும், பின்சக்கரம் உள்ளடங்கி இருக்கும். உப்புல நாலு கோடு விழணும். மூணாவது மைல் வரைக்கும் நாலு.”

“அப்புறம்?”

“நாலாவது மைல்ல ரெண்டு.”

காற்று அவர் சட்டைக் காலரைத் தூக்கிப் போட்டது.

“முன்சக்கரத்துக் கோடு ரெண்டும் மங்கிக்கிட்டே வந்து, இல்லாமப் போச்சு. ஒரு ஃபுட்பால் மைதானம் அளவுக்கு. அப்புறம் மறுபடி நாலு. எறங்கின எடத்துல உப்பு பேந்து கிடந்துச்சு. நீ இப்ப நின்னு என்கிட்ட சண்டை போடறது அந்த எடத்துல காத்து கொஞ்சம் சும்மா இருந்ததாலதான்.”

மார்வா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நாலாவது மைலில் ஸ்டியரிங் காலி வாணலி மாதிரி இலேசாகிப்போனது அவளுக்குத் தெரியும். ஒரு மூச்சு நேரம், திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒன்றுதான். வண்டியை விட்டு இறங்கினவுடனே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ‘காத்து. டுவேன்கிட்ட சொல்லாத, கெழவி மாதிரி பொலம்புவான்’ என்றார். அதைக் கேட்டு அவள் சிரிக்கவும் செய்தாள்.

“அப்பாகிட்ட காட்டினீங்களா?”

“கூட்டிட்டுப் போயே காட்டினேன். மூக்கு கனக்க இன்னும் ஈயம் ஏத்து, நத்தையோட அழுத்தத்தைக் குறைன்னேன். ஈயம் ஏத்தினா வேகம் போயிரும்னான். ரெண்டு நத்தையையும் இன்னும் கொஞ்சம் முறுக்கினா சராசரி தாண்டிரும்னான். ‘அப்ப நீ ஓட்டு’ன்னேன். ‘ஓட்டறவ அவதான்’னான்.” டுவேன் துண்டின் நுனியைச் செருகினார். “என் பக்கத்தை நான் கழட்டிக்கிட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எப்ப? என் மூஞ்சியில சோடாவ ஊத்தினியே, அப்பவா?”

“அதுக்கப்புறம். இத்தனை வருஷத்துல.”

“அவன் உன் அப்பன்டி. உன் அப்பனைப் பத்தி உன்கிட்ட என்னன்னு சொல்லச் சொல்ற?”

அவள் உள்ளே போனாள். ஆர்வில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். தகடு மெல்லியது, எல்லாம் கேட்டிருக்கும்.

“அச்சுக்கு எண்ணெய் போட்டானாமா?”

“தடத்தைக் காட்டினாராம்.”

“யாரு?”

“சித்தப்பா. உங்களுக்கு. நாலாவது மைல்ல.”

ஆர்வில் கூரையைப் பார்த்தார்.

“முன்சக்கரம் தரையில இல்லப்பா.”

“பின்சக்கரம் இருந்துச்சில்ல? தள்ளுறது பின்சக்கரம்தானே.”

அவள் காத்திருந்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று நினைத்தாள். அவர் நாக்கால் உதட்டைத் தேடினார்; அவள் பஞ்சுக் குச்சியை எடுக்கவில்லை.

“நீ புடிச்சிருப்ப” என்றார். “உன் கை அப்படி. எழுதி வச்சிருப்பாங்க உன் பேரை.”

“எங்க? கல்லறைக் கல்லுலயா?”

அவர் முகத்தைக் காரின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மார்வா சுவரிலிருந்த பொத்தானை அமுக்கினாள். பெரிய கதவு முனகிக்கொண்டு மேலே ஏறியது. முதலில் வெளிச்சம், பிறகு டுவேனின் பூட்ஸ், முட்டி, மூட்டை, கடைசியாக முகம். புழுதி ஒரு அலையாகத் தரையில் ஓடி வந்து படுக்கையின் சக்கரங்களைத் தொட்டது.

ஆர்வில் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தார்.

“பிரி.”

டுவேன் வாசல் கோட்டிலேயே நின்று துண்டைப் பிரித்தார். நத்தை புதுப்பாத்திரம் மாதிரி மின்னியது. விரலால் உள்ளேயிருந்த சக்கரத்தைச் சுண்டினார். அது சுற்றியது. சத்தமே இல்லாமல், நிற்கிற உத்தேசமே இல்லாமல் சுற்றியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இரையுது” என்றார் ஆர்வில்.

“உன் காது இரையுது.”

“வெளியவே வை. என் வண்டிய தொடாத.”

“தொடல.”

“நிழல்லயும் நிக்காத.”

“நிக்கல.”

நிழலைப் பற்றிச் சொன்னதுதான் ஆர்வில் பேசிய கடைசிப் பேச்சு. டுவேன் கோட்டுக்கு வெளியே வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நத்தையை மடியில் வைத்துக்கொண்டார். மார்வா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் தரையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. பிறகு உள்ளே வந்து, பஞ்சை நனைத்து, அப்பாவின் உதட்டைத் துடைத்தாள். வெயில் தெரு முனைக்குச் சரிந்தபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. ஓர் இடைவெளி முடியவே இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். டுவேன் அதற்குள் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

சவ வண்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள், காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆர்விலைத் துணியால் சுற்றி, பட்டி கட்டி, சக்கரக் கட்டிலில் ஏற்றினார்கள்.

“இதுல எங்கயாவது கையெழுத்து போடணுமா?” என்று மார்வா கேட்டாள்.

“அப்புறம் பார்த்துக்கலாம்மா.”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிலுக்கு முன்சக்கரங்கள் கொஞ்சம் அகலத் தள்ளி இருந்தன. வெள்ளைப் புழுதியில் நாலு கோடுகள் விழுந்துகொண்டே போயின. வண்டியின் பின்கதவை நெருங்கியதும், தலைமாட்டில் இருந்தவர் ஒரு கொக்கியை அழுத்தினார். முன்கால்கள் மடங்கிக்கொண்டன. கடைசி இரண்டடிக்கு இரண்டே கோடுகள். அப்புறம் அதுவும் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வண்டி போய்விட்டது.

டுவேன் பழக்கதோஷத்தில் லேசாகக் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். மார்வாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“இதை என்ன பண்ணட்டும்?” என்றார் அவர்.

அவள் திறந்து கிடந்த ஷெட்டுக் கதவைப் பார்த்தாள். அதை மூடவில்லை.

டுவேன் நத்தையைத் துண்டில் மறுபடி சுற்றினார். ஷெட்டுக்குள் போக வேண்டுமானால் அந்தக் கோடுகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவர் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, ஒரு கோட்டையும் மிதிக்காமல் அந்தப் பக்கம் வைத்தார். பிறகு இன்னொரு காலை.