வாசலில் கட்டிய ரிப்பன்

ஒனோரினுக்கு முப்பத்தாறாவது வயதில் கல்யாணம். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத் துணிகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் அவள். அடுத்தவர் வெள்ளை உடுத்திப் போவதைப் பார்த்தே காலம் ஓடிவிட்டது. "இவ இஸ்திரிப் பெட்டியைத்தான் கட்டிக்குவா" என்று கேலி பேசாத வாய் லுவார் ஆற்றின் இந்தக் கரையில் கிடையாது. அந்த வாய்கள் எல்லாம் இன்று விருந்துச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு ஊர்வலத்தில் அவள் பின்னால் வந்துகொண்டிருந்தன.

காலையில் மேயர் முன்னால் கையெழுத்து, பிறகு கோவிலில் பூசை, எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. பிடில்காரர் முன்னே போக, பீப்பாய் செய்யும் அன்செல்மின் கையைப் பிடித்துக்கொண்டு ஒனோரின் அவன் வீட்டுக்கு நடந்தாள். தலையில் மெழுகால் செய்த ஆரஞ்சுப்பூக் கிரீடம். தெருவுக்குக் குறுக்கே பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வெள்ளை ரிப்பன் பிடித்து நின்றார்கள். அவள் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, ஆளுக்கு ஒரு பிடி சர்க்கரைப் பாதாம் கொடுத்தாள். ஒரு ரிப்பனைக்கூட மணப்பெண் வெட்டாமல் விடக்கூடாது. விட்டால் அந்தக் குடித்தனம் உருப்படாது என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு. தங்கள் குடித்தனங்களை மட்டும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெட்ட வெட்ட எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கண்ணோ அன்செல்மின் வீட்டு வாசலையே தேடியது. அன்செல்முக்கு எட்டு வயதில் ஒதீல் என்று ஒரு மகள். தாய் ரோசாலி இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆறு மாதமாக ஒனோரின் அந்த வீட்டுக்குப் போய்வருகிறாள். அந்தக் குழந்தை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று வயிற்றுவலி என்று கோவிலுக்கும் வரவில்லை. ஒதீல் சேர்த்துக்கொள்ளாவிட்டால், மேயரும் பாதிரியாரும் எத்தனை கையெழுத்து வாங்கினாலும் அந்த வீட்டில் தான் விருந்தாளிதான் என்று ஒனோரினுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் ஒதீல் நின்றாள். ரிப்பனின் ஒரு முனை கதவு வளையத்தில் கட்டியிருந்தது, மறுமுனை அவள் கையில்.

"பாத்தியா! பிள்ளை மனசு மாறிடுச்சு!" என்று அன்செல்மின் அக்கா ஸெலி பூரித்துப் போனாள்.

ஒனோரினும் ஒரு கணம் அப்படித்தான் நம்பினாள். கத்தரிக்கோலோடு கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அது கடை ரிப்பன் இல்லை. நாலு விரல் அகலப் பட்டு, கையால் தைத்த வளைவு ஓரம். ரோசாலி தன் கல்யாணத்தன்று இடுப்பில் கட்டியிருந்த பட்டை. அதை இஸ்திரி போட்டதே ஒனோரின்தான். இந்த ஊர்ப் பெண்கள் கல்யாணக் கிரீடத்தைச் சிவப்பு வெல்வெட் மெத்தையில் வைத்துக் கண்ணாடிக் கூண்டால் மூடி வைப்பார்கள். ரோசாலியின் கிரீடத்தைச் சுற்றி இத்தனை வருடம் இருந்த பட்டை இது. குழந்தை கூண்டைத் தூக்கி அதை எடுத்துவிட்டாள்.

அன்செல்மும் பார்த்துவிட்டான். கையை நீட்டினான். "ஒதீல், அத இங்க குடு."

"மாட்டேன். அவங்கள வெட்டச் சொல்லுங்க."

"என்னம்மா யோசனை? வெட்டு! அடுப்புல வாத்து தீயுது!" என்றாள் ஸெலி.

வெட்டினால் ஜென்மத்துக்கும் பகை. அப்பன் அதட்டிப் பிடுங்கினாலும் பழி தன் தலையில்தான் விடியும். ஒனோரின் கத்தரிக்கோலை அன்செல்மின் கையில் கொடுத்தாள். ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு, மழை ஈரம் காயாத தரையில் முட்டி போட்டு, பட்டையில் உரசாமல் அதன் கீழே நுழைந்தாள்.

பிடில் நின்றது.

"வெட்டாம போறாளே! இது விளங்குமா?" என்று ஸெலி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இஸ்திரிக்காரி தன் துணியையே நாசம் பண்ணிக்கிட்டா!" என்று யாரோ சிரித்தார்கள்.

ஒனோரின் மண்டியிட்டபடியே நிமிர்ந்தாள். இப்போது இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தது.

"ஏன் வெட்டல?" என்று ஒதீல் மெல்லக் கேட்டாள்.

"இத உங்கம்மாவுக்கு நான்தான் தேச்சுக் குடுத்தேன். ஓரம் சுருங்கக் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னு என்னைப் பாடாப் படுத்திட்டா. மூணு தடவ திரும்பத் தேக்க வெச்சா. வெட்டினா அவ என்னைச் சும்மா விடுவாளா?"

"அம்மாவா? படுத்துவாங்களா?"

"அதை ஏன் கேக்கறே!"

குழந்தை பட்டையின் ஓரத்தை விரலால் தடவினாள். "நீங்க வெட்டுவீங்கன்னுதான் நெனச்சேன். வெட்டினதும் சொல்றதுக்கு ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன்."

"என்ன அது?"

"இப்ப சொல்ல முடியாது."

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? நாங்க உள்ள வரலாமா?" என்று ஸெலி கத்தினாள்.

ஒதீல் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "வரலாம். ஆனா எல்லாரும் குனிஞ்சுதான் வரணும். அப்பா, நீங்களும்தான்."

அன்செல்ம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். பிடில்காரர் பிடிலை அணைத்துக்கொண்டு குனிந்தார். ஸெலி முனகிக்கொண்டே, தொப்பி ஒரு பக்கம் சரிய, பெரிய உடம்பை இரண்டாக மடித்தாள். ஊர் மொத்தமும் வரிசையில் காத்து நின்றது. ஒதீல் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒனோரின் பக்கம் சாய்ந்து, அவள் காதில் கேட்டாள்:

"மூணாவது தடவ தேச்சப்போ அம்மா என்ன சொன்னாங்க?"