சூடேறாத பிரேக்

லிஃப்ட் பரிசோதகருக்கு உலகத்தில் இரண்டே இரண்டு விஷயங்களில்தான் அக்கறை என்று அவருடைய மைத்துனர் கேலி செய்வதுண்டு. ஒன்று, ஊரார் ஏறி இறங்கும் லிஃப்டின் பிரேக். இன்னொன்று, அவரே ஏறி இறங்கும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக். என் தங்கச்சி அந்தப் பட்டியலில் மூன்றாவதாகக்கூட வரமாட்டாள் என்பார். கேலிதான். ஆனால் சிலருடைய வாய் முகூர்த்தம் அப்படி, பலித்துத் தொலைத்துவிடுகிறது.

கார் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது. இன்னொருவர் ஓட்டிச் சலித்ததை வாங்கியிருந்தார். வாரநாட்களில் அதில்தான் வேலைக்குப் போவார். மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் அதையே விரட்டுவார். பல் டாக்டர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று அவரைப் போலவே கிறுக்குப் பிடித்த ஒரு பட்டாளம் அங்கே கூடும். ஒரே காரைச் சாலைக்கும் டிராக்குக்கும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வேலை தவறாமல் உண்டு. போய்ச் சேர்ந்ததும் சாலைக்கான பிரேக் பேடுகளை, அதாவது சக்கரத்தை இறுக்கி நிறுத்தும் கட்டைகளை, கழற்றிவிட்டு டிராக் பேடுகளை மாட்ட வேண்டும். திரும்பும்போது மறுபடி மாற்ற வேண்டும். டிராக் பேடு சூடேறிவிட்டால் உடும்புப் பிடியாகப் பிடிக்கும். ஆறிக் கிடந்தாலோ முதல் சில மிதிகளுக்கு ஏதோ பேருக்குத்தான் பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் டிராக்கில் மழை கொட்டியது. நனைந்துகொண்டு சக்கரம் கழற்ற யாருக்கு மனசு வரும்? வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே கிளம்பிவிட்டார். வழியெல்லாம் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துப் பேடு ஆறாமல் பார்த்துக்கொண்டார். அந்த வித்தை அவருக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எங்கே இதைத் தொடப்போகிறாள் என்று நினைத்திருக்கலாம். நினைக்கவேயில்லை என்பதுதான் உண்மை.

அவள் வீடுவீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள். மறுநாள் காலை அவளுடைய சின்னக் கார் உயிர் பெறவில்லை. நேரமாகிவிட்டது என்று கொக்கியில் தொங்கிய அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்ஜின் உறுமியது அவர் காதில் விழுந்தது. புரண்டு படுத்துக்கொண்டார். தெருமுனையில், கிடங்கு ஒன்றில் இரவுக்காவல் முடித்துவிட்டு சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். அவள் பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை.

பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தான்தான் மிதிக்கத் தாமதம் செய்துவிட்டதாகப் போலீஸிடம் அவளே சொன்னாள். வேறு எதை அவள் சந்தேகப்பட முடியும்? ஊர் லிஃப்டுக்கெல்லாம் நற்சான்று தருகிறவரின் கார் அது. ஆஸ்பத்திரியில் பெரியவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்தில், நம்மவர், மறுநாள் சோதனை வரை வீட்டிலேயே நிறுத்திவைக்கப் போலீஸ் சொல்லியிருந்த காரை வீட்டுக்குக் கீழே ஜாக்கியில் ஏற்றி, பேடுகளை மாற்றிவிட்டார். கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை. அடுத்த நாள் சோதிக்க வந்த அதிகாரி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் எள்ளளவும் குறையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்கு மரத்துப்போன மனசுதான். வேலைக்குப் போனார், லிஃப்டுகளைச் சோதித்தார், போட்டதைச் சாப்பிட்டார். மாதாமாதம் டிராக்குக்கும் போனார். என்ன வெட்கம்கெட்ட ஜென்மம் என்று கேட்கத் தோன்றும், கேட்கலாம். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு இருக்குமே, உள்ளே என்னவோ நடப்பது தெரியும், வலி மட்டும் யாருக்கோ என்பதுபோல், அப்படித்தான் இருந்தது அவருக்கு. அவளோ தன் காரை விற்றுவிட்டுப் பஸ்ஸில் அலைந்தாள். நேரத்துக்கு வந்து சேராதவளை நோயாளிகள் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். வாரம் தவறாமல் போய்ப் பெரியவரை மட்டும் நடக்கப் பழக்கினாள். அவர் இப்போது கோலூன்றி நடக்கிறார். இரவில் சில சமயம் தன் வீட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் வலது பாதத்தையே அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். பரிசோதகர் பார்த்தும் பாராததுபோல் விளக்கை அணைத்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. நோயாளிகளின் வீடுகளுக்குப் போகிற வேலை, கார் அவர்கள் கொடுப்பார்கள், அவளே ஓட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். டிராக்குக்கு அழைத்து வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார், பயம் தெளிந்துவிடும் என்று யோசனை சொன்னார் பல் டாக்டர். மாட்டேன் என்பாள் என்றுதான் பரிசோதகர் எதிர்பார்த்தார். அங்கே சைக்கிள் வராதே என்று மட்டும் கேட்டுவிட்டு, வருகிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலைப் பேடுகளோடே அவளை ஓட்டவிட்டார். பயிற்சியாளர் ஒடிசலான ஒரு பெண்மணி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். முதலில் கார் ஊர்ந்தது. பிறகு கொஞ்சம் வேகம் பிடித்தது. இறங்கி வந்த பயிற்சியாளர் நேராகப் பரிசோதகரிடம் வந்தார்.

"சார், இவங்க கால்ல ஒரு குறையும் இல்ல. மிதிக்க வேண்டிய இடத்துல கரெக்டா மிதிக்கிறாங்க. உங்களைவிட நல்லாவே ஓட்டுறாங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுக்கிவைத்திருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்தாள்.

"நல்ல காலே ஒரு தடவை அப்படிப் பண்ணிடுச்சுன்னா, மறுபடியும் பண்ணும்லங்க?" என்றாள். "தெரியாமப் பண்ணியிருந்தா கத்துக்கலாம். நல்லாத் தெரிஞ்சும் பண்ணியிருக்கேன். நாளைக்கே வேலை வேண்டாம்னு சொல்லிடறேன். இனிமே ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்."

இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இத்தனை நாள் கல்லுளிமங்கனாக இருந்தவருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் எழுந்துபோய் ஜாக்கியை எடுத்தார். முன்சக்கரங்களைக் கழற்றினார், சாலைப் பேடுகளை உருவினார், பையிலிருந்த டிராக் பேடுகளைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் டிராக்கின் பின்புறம் ஆளில்லாத பாதையில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை நிறுத்திவைத்தார்.

"மெதுவா வா. அந்தக் கம்பத்துக்கிட்ட வந்ததும் பிரேக் போடு. கூம்புக்கு முன்னாடி நின்னுடணும்."

தெருவில் போகிற வேகத்தில்தான் வந்தாள். கம்பத்தருகே மிதித்தது தெரிந்தது. கார் கூம்பைச் சரித்துத் தள்ளிக்கொண்டு போய், அதற்கப்பால் நின்றது.

அவர் அருகே போனபோது அவள் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"ஆபீஸர் ஓட்டிப் பார்த்தப்போ பிடிச்சுதே. எப்போ மாத்துனீங்க?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ."

அவள் கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தார். அப்படி ஏதாவது நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் இறங்கி, கூம்பை நிமிர்த்தி ஓரமாக வைத்தாள். சாலைப் பேடுகளையே மறுபடி மாட்டச் சொன்னாள். மாட்டி முடித்ததும் சாவிக்காகக் கையை நீட்டினாள்.

டிராக்கை விட்டு வெளியே வந்து, லாரிகளுக்கு நடுவே, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, அவள்தான் ஓட்டினாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேரே போனாள். எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைகளுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில், பச்சைக் கதவு போட்ட ஒற்றை அறை வீட்டின் முன்னால் அலுங்காமல் நிறுத்தினாள்.

"இறங்குங்க. நான் வரல."

இறங்கினார். கதவைத் தட்டிவிட்டு நின்றார். உள்ளே கோல் தரையில் ஊன்றும் சத்தம் மெதுவாக நெருங்கி வந்தது. கதவைத் திறந்த பெரியவரின் பார்வை அவரைத் தாண்டிக் காருக்குப் போயிற்று. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் இருப்பதைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அம்மாவே ஓட்டிட்டு வந்துட்டாங்களா? வயித்துல பாலை வார்த்தீங்க சார்," என்றார். "வாரா வாரம் சொல்லுவேன், கேக்கமாட்டாங்க. அவங்க மேல என்னங்க தப்பு? ராத்திரியெல்லாம் முழிச்ச கண்ணு எனக்கு. நான்தான் பார்த்து வந்திருக்கணும்."

தான் செய்ததை இந்த இரண்டு பேரும் இத்தனை மாதமாகத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பரிசோதகரின் கை, கால், தாடை எல்லாம் நடுங்கத் தொடங்கின. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லைங்க ஐயா," என்றார்.