தலை ஒட்டாத உறை

கமாலுதீனைக் கஞ்சன் என்று கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் யாரும் சொன்னதில்லை. சொல்ல யாருக்கு யோக்கியதை? பிழைப்புக்காகக் கடல் கடந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்த அத்தனை பேரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அவன் அரிசிக் கடையில் மூட்டை நிறுப்பவன். மனைவி சபூராவும் மூன்று வயது மகனும் நாகூரில். தபால் தலைக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைக்குப் பால் வாங்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லாரும் சுகம் என்றால் அவள் வெற்று உறையில் விலாசம் மட்டும் எழுதி, தலை ஒட்டாமல் பேரிங்காகப் போடுவாள். தபால்காரர் இரட்டிப்புக் கட்டணம் கேட்பார். இவன் அவளுடைய கோணல் எழுத்தை ஆசைதீரப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். கெட்ட சேதி என்றால்தான் தலை ஒட்டிக் காகிதம் வரும். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இதே வழக்கம். சர்க்காரை ஏமாற்றுகிறோம் என்று ஒருவருக்கும் உறுத்தியதில்லை.

அன்றைக்கும் பேரிங் உறைதான் வந்தது. இம்முறை கனமாக இருக்கிறது, வாங்கித்தான் பாரேன் என்றார் தபால்காரர் ராமதாஸ். கமாலுதீன் விரலால் அழுத்திப் பார்த்தான். உள்ளே காகிதம் இருந்தது. தலை இல்லையே, அப்புறம் என்ன கவலை என்று சிரித்தபடியே நீட்டிவிட்டான்.

அந்த உறை வந்த அதே கப்பலில் வந்தவர் ஹனீபா, நாகூரில் அடுத்த வீட்டுக்காரர். தபால் அன்றே கரை இறங்கிவிட்டது. மலிவுச் சீட்டில் கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களையோ தொற்றுநோய்க்குப் பயந்து, துறைமுகத்தை அடுத்த ஜெரெஜாக் தீவில் அடைத்துவைத்து, பல நாள் கழித்துத்தான் விட்டார்கள். அவர் நேராகக் கடைக்கு வந்தார்.

"தம்பி, பணம் அனுப்பிட்டியா? புள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்ல. சபூரா காதுல கெடந்ததையும் வித்துடுச்சு. தபால் தலைக்குக்கூடக் காசில்ல, பேரிங்லதான் போட்டேன், உள்ள காகிதம் இருக்கறதப் பாத்து அவுக வாங்கிடுவாகன்னு சொல்லுச்சு."

கமாலுதீன் தராசை அப்படியே விட்டான். முதலாளியிடம் முன்பணம் கெஞ்சி வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினான். இரண்டு மடங்கு என்ன, பத்து மடங்கு தருகிறேன், அந்த உறையைக் கொடுங்கள் என்று கெஞ்சினான். குமாஸ்தா நல்ல மனிதர். அது முந்தாநாள் கப்பலிலேயே திரும்பிப் போய்விட்டது என்று பொறுமையாகச் சொன்னார். மணியார்டர் எழுத உதவினார். அந்தப் பணம் கிளம்ப அடுத்த வாரக் கப்பல்தான்.

கமாலுதீன் நகரவில்லை. அந்த உறையை அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டான்.

"வெறும் உறைன்னா குப்பைக்குப் போயிடும் தம்பி. இதுல காகிதம் இருக்குல்ல, மதராஸ்ல பிரிச்சுப் பாப்பாங்க. உள்ள பேரு, ஊரு இருந்தா எழுதுனவங்ககிட்டயே கொண்டுபோய்க் குடுப்பாங்க."

"சும்மாவா?"

"எப்படிலா சும்மா? கட்டணத்த எழுதுனவங்கதான் கட்டணும்."

கமாலுதீன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். காசில்லாத சபூராவின் வாசலில் தபால்காரர் வந்து நிற்பார். அவள் எழுதியதை அவளிடமே நீட்டிக் காசு கேட்பார். உன் புருஷன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான் என்பார்.