போட்டோவுக்கு வந்த ரொட்டி

ரொட்டி உறையைக் கத்தியால் கீறாதே என்று தனக்கு ஒருநாள் உத்தரவு வரும் என்று நீலக்கை கனவிலும் நினைத்ததில்லை. அந்தப் பெரிய கடையின் பின்கட்டில் அவளுடைய வேலையே அதுதான். அன்றைய தேதி போட்ட ரொட்டி, பன், கேக், தயிர், வெட்டி அடைத்த பழம் என்று விற்காமல் மீந்தது எல்லாம் சாயங்காலம் தள்ளுவண்டியில் அவளிடம் வந்து சேரும். ஒவ்வொன்றையும் ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்தில் காட்டிக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அடுத்து உறையின் குறுக்கே ஒரு கீறல். அடுத்து பச்சைத் தொட்டி. தொட்டி நிரம்பியதும் கேனைத் திறந்து நீலச் சாயத்தை மேலாக ஊற்றி, அடிவரை இறங்கும்படி கம்பால் கிளறிவிட வேண்டும். சாயம் பட்ட ரொட்டியை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கையுறை போட்டுத்தான் செய்வாள். ஆனாலும் வருஷக்கணக்கில் ஊறி, நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் நீலம் ஏறி நின்றுவிட்டது. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அது மசியவில்லை. கடையில் அவளுடைய சொந்தப் பெயரே மறந்து போய்விட்டது. பில் போடுகிற பெண்களுக்கு அவள் நீலக்கை அக்கா, மேனேஜருக்கு நீலக்கை அம்மா. வீட்டில் மகள், "உங்கம்மாவுக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. பெயின்ட் கம்பெனின்னு சொல்லிட்டேன்" என்றாள். நீலக்கை மறுத்துப் பேசவில்லை. சோற்றைப் பாழாக்குகிற வேலை என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், ஏன் சார் இதை ஊற்ற வேண்டும் என்று. "எவனாவது எடுத்துத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா, கம்பெனிதானேம்மா பதில் சொல்லணும்?" என்றார் அப்போதிருந்த மேனேஜர். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவளும் நம்பினாள். தலைமை ஆபீசிலிருந்து பார்வையிட வந்த ஒரு பெரியவர் அவள் அங்கே நிற்பதையே மறந்துவிட்டு, "சாயங்காலம் சும்மா கிடைக்கும்னு தெரிஞ்சா காலைல எவன் காசு கொடுத்து வாங்குவான்?" என்று சிரித்தபோதுதான் அவளுக்கு உண்மைக் காரணம் தெரிந்தது. வைக்கோற்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாய்க்காவது படுத்த இடம் கதகதப்பாக இருக்கும். இவர்களுக்கு இதில் என்ன சுகமோ! இதே பின்கட்டில், தொட்டிக்குப் போகிற பன்னை ஒரு கடி கடித்தாள் என்று ஒரு பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். குப்பையில் கொட்டினால் அது ஒழுங்கு, வயிற்றில் போட்டால் திருட்டு.

அப்படிப்பட்ட இடத்தில் அன்று காலை மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். "இன்னிக்கு மிச்சமாகுறது ஒண்ணையும் யாரும் கீற வேண்டாம். எல்லாம் பின்தெரு விடுதிக்குப் போகுது. புதுத் திட்டம். நாலு மணிக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து வர்றாங்க, எல்லாரும் தலை சீவி யூனிஃபார்மோட நிக்கணும்." பின்தெரு விடுதி என்றால் ஆதரவில்லாத பெரியவர்கள் இருக்கிற விடுதி. அங்கே சமையல் செய்வது நீலக்கையின் கூடப்பிறந்த அக்கா. நீலக்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ராத்திரிக்கு உலை வைக்காத. வண்டி நிறைய வருது. ரொட்டி, தயிர், பழம், கேக்குகூட இருக்கு."

"நிஜமாவாடி? இல்ல, வழக்கம்போல ஒண்ணைப் பத்தாக்குறியா?"

"மேனேஜரே எல்லாருக்கும் முன்னாடி சொன்னாருக்கா."

போனில் அக்கா அரிசிப் பானையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ ராத்திரிக்குள்ளதையும் சேர்த்து மத்தியானமே வடிச்சிடுறேன். ஒருநாளாவது ரெண்டாவது தடவை கேட்டா இல்லைன்னு சொல்லாம போடலாம்" என்றாள். விடுதியில் அரிசியும் பருப்பும் அந்தந்த நாளுக்குத்தான் அளந்து வெளியே வரும். அளந்து கொடுப்பவர் அறையைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் வருவார். அது நீலக்கைக்கும் தெரியும். தெரிந்தும், "தாராளமா போடுக்கா" என்றாள். சந்தோஷத்தில் சொன்னது.

நாலு மணிக்குக் கடை வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள். பசித்தவருக்குப் பகிர்வோம் என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பகிர்வதற்கான சாமான்கள் அன்று மட்டும் சாயங்காலம் வரை காத்திராமல் மத்தியானமே பின்கட்டுக்கு வந்துவிட்டன; நீலக்கை அவற்றைக் கணக்கிலிருந்து கழித்து, அழகான மூங்கில் கூடைகளில் அடுக்கித் தயாராக வைத்திருந்தாள். விடுதியிலிருந்து ஒருவரை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்; தலை வெளுத்திருக்க வேண்டும், சட்டை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண்டக்டர் தாத்தா வந்திருந்தார். ஆயுசுக்கும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அவரிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா, உங்கக்கா மத்தியானம் விருந்தே வச்சுட்டா. பக்கத்துப் படுக்கை கிழவன் மூணு தடவை வாங்கினான், கேட்டியா?" என்றார் நீலக்கையிடம். அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

தலைமை ஆபீஸ் அம்மாள் காரிலிருந்து இறங்கினார். கூடையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தைத் தாத்தா பிடித்தார். போட்டோக்காரர் "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, தாத்தா சிரிங்க, ரொட்டியைப் பாக்காதீங்க, இங்க பாருங்க" என்று ஏவிக்கொண்டே நாலு பக்கமிருந்தும் எடுத்தார். ரொட்டியைப் பார்க்காமல் எப்படிச் சிரிப்பது என்று தாத்தாவுக்குத் தெரியவில்லை. ஒருவழியாகப் படம் முடிந்து, அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பியது. மேனேஜர் வந்து கூடையைப் பிடித்தார். தாத்தா விடவில்லை, தூக்கிவிட ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"கையை எடுங்க பெரியவரே. முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

முடிஞ்சுது என்ற வார்த்தை தாத்தாவுக்குப் புரிய நேரமாயிற்று. விரல் ஒவ்வொன்றாகக் கூடையிலிருந்து கழன்றது. கை மட்டும் ஏந்தியபடியே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.  கூடைகள் தள்ளுவண்டியில் கவிழ்க்கப்பட்டு, வண்டி பின்கட்டுக்கு வந்தது. மேனேஜரும் கூடவே வந்தார்.

"வழக்கம்போல எல்லாத்தையும் முடிச்சிடும்மா."

"சார், விடுதிக்குன்னு சொன்னீங்களே?"

"திட்டம் அடுத்த மாசம்தான். இன்னிக்குப் போட்டோ மட்டும். பேப்பர்ல எல்லாம் கையெழுத்தாகி வரணும்ல?"

"அங்க எங்கக்கா உலையே வைக்கலை சார். உங்க வார்த்தையை நம்பி மத்தியானமே எல்லாத்தையும் வடிச்சுப் போட்டுட்டா. அத்தனை பெரியவங்களும் ராத்திரி பட்டினி."

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கழுத்தில் ஒரு கயிறு, அதன் மறுமுனை தலைமை ஆபீசில். நெற்றியைத் தடவிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். "கணக்குல இந்தச் சாமானே இப்ப இல்லம்மா. மத்தியானமே நீதானே கழிச்சே. இல்லாத சாமானை நான் எப்படிக் கொடுக்க முடியும்?"

"இல்லாத சாமானை நான் எப்படி சார் கொட்டறது?"

அவர் சுவர் மூலையில் இருந்த கேமராவை மட்டும் விரலால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நீலக்கை கேனின் மூடியைத் திருகினாள். ஆத்திரத்தில் கையுறை போட மறந்துவிட்டாள். சாயம் பொங்கி விரல்களில் வழிந்தது. வண்டியில் கிடந்த ரொட்டிகளை அமுக்கிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருந்தன. இன்றைய தேதிதான், இன்று இன்னும் தீரவில்லை. வெளியே வெயில்கூட இறங்கவில்லை. இந்த ரொட்டிக்கு ஒரு வியாதியும் கிடையாது, விற்கவில்லை என்பதைத் தவிர. விற்காத பொருளுக்கு இங்கே மரண தண்டனை. அதை நிறைவேற்றுகிற ஆள் அவள். எத்தனை வருஷம், எத்தனை வண்டி!  கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோம். எட்டின கையை வாசலில் வைத்து, ஊர் பார்க்கப் படம் பிடித்துவிட்டு, பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறவர்களை அவள் இன்றுதான் பார்க்கிறாள். அதைவிட அவளைத் தின்றது வேறொன்று. அங்கே உலை வைக்காதே என்று சொன்ன வாய் அவளுடையது.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்கு உன் வண்டி? இங்க கேட்டுக் கேட்டுத் துளைக்கிறாங்க. வெளக்கு வைக்குற நேரத்துக்கு முன்னாடி சாப்பிட்டுப் படுக்குறவங்கடி. மாத்திரை வேற போடணும், வெறும் வயித்துல போட முடியாது."

"அக்கா... அது வந்து..."

"அடுப்புல பூனை தூங்குதுடி இங்க. வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு."

நீலக்கை கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். அது கண்ணிமைக்காமல் அவளைப் பார்த்தது. பில் போடுகிற பெண்கள், மகளின் படிப்பு, மாதம் பிறந்தால் வருகிற சம்பளம், எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பயமாகத்தான் இருந்தது. பொய் எதற்கு?

"வருது" என்றாள். "நீ அண்டாவைத் தூக்கிட்டுப் பின்கேட்டுக்கு வா."

கேனின் மூடியைப் போட்டு இறுக்கினாள். கத்தியை இடுப்புப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள், கேமராவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்கட்டு வாசலைத் தாண்டினாள். தொட்டிவரை அவளுக்குப் பழகிய பாதை. தொட்டியைத் தாண்டி அந்த வண்டியை அவள் ஒருநாளும் தள்ளியதில்லை. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் முன்சக்கரம் ஏறியதுதான் தாமதம், கடக் என்று சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. யாரும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடாமல் இருக்கக் கம்பெனி செய்த ஏற்பாடு. முட்டிப் பார்த்தாள், அசைத்துப் பார்த்தாள். பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அடப் பாவிகளா, சக்கரத்துக்குக்கூட உத்தரவு போட்டு வைத்திருக்கிறீர்களே என்று அவளுக்கு அழுகை வந்தது.

"என்னம்மா, வண்டி பிரேக் டவுனா?"

கோட்டுக்கு அந்தப் பக்கம், கேட்டுக்கு வெளியே கண்டக்டர் தாத்தா நின்றிருந்தார்.

"நீங்க இன்னும் போகலையா?"

"சாமானோட வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். வெறுங்கையோட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? ஏத்திவிட்டுப் பாதியில இறக்கிவிடுற வேலையை நானும் பண்ணியிருக்கேன், டிக்கெட் எடுக்காதவனை. நான் என்னம்மா எடுக்கலை?" குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "சரி, வண்டி ஓடாட்டி என்ன, பயணி இறங்கி நடக்கலாம்ல?" என்றார்.

கண்டக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். நீலக்கை ஒரு ரொட்டியை எடுத்துக் கோட்டுக்கு மேலாக அவர் கையில் வைத்தாள். "ரைட்" என்றார். இன்னொன்றை வைத்தாள். "ரைட், ரைட்." தெருமுனையில் அக்கா, இடுப்பில் காலி அண்டாவை இடுக்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். அவள் வேகம் தாங்காமல் உள்ளே கிடந்த கரண்டி டங் டங் என்று இடித்துக்கொண்டே வந்தது.

இன்னும் கிளம்பாமல் பின்கேட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்த போட்டோக்காரர் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். நீட்டிய கைகளையும் அதில் ஏறுகிற ரொட்டியையும் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார். தாத்தா இந்த முறை ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் தானாக வந்த ஒரு சிரிப்பு இருந்தது.

பின்கட்டு வாசலில் மேனேஜர் ஓடிவந்தார். "ஐயோ, எடுக்காதே! போட்டோ எடுக்காதே!" என்று கத்தினார்.

நீலக்கை திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் இன்னும் நிறைய இருந்தது. கையுறை இல்லாத ஈரக் கையால் அடுத்ததை எடுத்தாள். ஏற்கெனவே கொடுத்த ரொட்டிகளைத் தாத்தா மார்போடு அணைத்திருந்தார். உறையில் இருந்த சாயம், துவைத்து மடிப்புக் கலையாத அந்த வெள்ளைச் சட்டையில் ஐந்து நீல விரல்களாகப் பதிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் ஒரு கையை மறுபடி நீட்டினார்.