இடது பக்கத்துப் போன்

கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துகிற ஸ்டூடியோ ஊழியருக்கு ஒரு கண்தான். வலது கண்ணின் நரம்பு வாடி எப்போதோ போய்விட்டது. "போன நரம்பு திரும்பாது. இருக்கிற கண்ணையாவது விடாம வந்து காட்டுங்க" என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். இவரா கேட்பார்? ஒற்றைக் கண்ணாலேயே எத்தனையோ மணப்பெண்களின் கன்னத்தைச் சிவக்க வைத்த மனுஷன்.

இப்போது கொஞ்ச காலமாக, முகம் மிதமிஞ்சிச் சிவந்திருக்கிறது என்று படங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. இன்னொரு ஆல்பம் திரும்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அனுப்புமுன் தன் போனில் ஒருமுறை சரிபார்ப்பது இவர் வழக்கம். ஆகவே பழி முழுக்கப் போன் திரையின் தலையில் விழுந்தது. மனைவியை இழுத்துக்கொண்டு போன் கடைக்கு வந்தார்.

ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு போன்கள். இரண்டிலும் ஒரே மணப்பெண் படத்தைத் திறந்து, கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தார்.

"இடது பக்கம் இருக்கறது சுத்த மோசம். சிவப்பு செத்துக் கிடக்கு. வலது பக்கம் பாரு, இழை இழையாத் தெரியுது."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவருடைய ஜம்பத்தைக் கொஞ்சம் குறைக்கலாமென்று, கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அவள் போன்களை இடம் மாற்றி வைத்தாள்.

"இப்பப் பாத்துச் சொல்லுங்க."

"எத்தனை தரம் சொல்றது? இடது பக்கம்தான் மோசம்!"

"நல்லா மாட்டிக்கிட்டீங்களா! மாத்தி வெச்சுட்டேன்!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு போன்களையும் இடப்புறம் தள்ளினார். இரண்டிலும் சிவப்பு செத்தது. வலப்புறம் இழுத்தார். இரண்டும் பளிச்சென்று இருந்தன. மறுபடி இடப்புறம் தள்ளிப் பார்த்தார். அதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எதுக்கு சார் பில் போடட்டும்?"

"ரெண்டுமே நல்ல போன்தாம்ப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் அவள் அவருக்கு இடது பக்கமாக நடந்தாள். முதலாளியிடம் வாயைத் திறக்காதே என்றார். நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம், சொட்டு மருந்தில் சரியாகிவிடும் என்று தனக்கே நம்பிக்கையில்லாமல் அடுக்கிக்கொண்டே போனார். பதிலே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, தலையை முழுக்கத் திருப்பினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எப்போதிருந்து அழுகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.