இரண்டு முழுக்கு பாக்கி

1947ஆம் வருடம் சித்திரை மாதம், திற்பரப்பு அருவிக்கு மேலே உள்ள ஆழமான கயத்தில் குளிக்க இறங்கிய சுயம்பு ஒன்பது வருடம் கரையேறவில்லை. சாகவும் இல்லை. ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. அவன் தோவாளைக்காரன், வயது இருபத்தைந்து, பூக்கூடைகளை வண்டியேற்றி அனுப்புவது வேலை. கும்பப்பூ நெல்லறுப்பு முடிந்து, அணையைப் பூட்டி, கால்வாய்கள் வெடித்துக் கிடக்கும் சித்திரையில் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மலையடிவாரத்துத் தண்ணீரைத் தேடிப் போவது வழக்கம். அந்த வருடமும் மூன்று வில்வண்டிகளில் போனார்கள். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் பாறை மேல் வாழையிலை போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தன. பெண்கள் கீழ்ப்பக்கம் குளித்துவிட்டுத் தலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சுயம்பு மட்டும் வெளியே வர மனமில்லாமல் கயத்துக்குள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு இயல்பிலேயே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதுகூட இலையோடு இடம் மாறி உட்காருவான் என்று அவன் மனைவி தாணம்மாள் சொல்வாள்.

அப்போதுதான் சைக்கிள் கடை ஜெபகனி வந்து சேர்ந்தார். தோவாளையிலிருந்து விடியற்காலையில் மிதித்துப் புறப்பட்டவர், மூச்சு வாங்கக்கூட நிற்காமல் பாறை மேல் ஏறிக் கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"லேய் சுயம்பு, ஒனக்க மாமா போயிட்டாருடே!"

மாமா என்றால் பகவதியப்பன், சுயம்புவின் அம்மாவுடன் பிறந்தவர். பிள்ளை இல்லாதவர். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மருமகனான சுயம்புதான். இழவுச் செய்தி காதில் விழுந்தால், நின்ற நிலையில் உடுத்த துணியோடு மூன்று முழுக்குப் போட வேண்டும். தீட்டு அதோடு கழியும், மற்றதெல்லாம் பிறகுதான். சுயம்பு ஏற்கெனவே தண்ணீரில் இருந்ததால் அந்த இடத்திலேயே முதல் முழுக்கைப் போட்டான். தலை மேலே வரும்போது, தோவாளை வழியாகக் குலசேகரத்துக்கு மரத்தடி ஏற்றப் போகிற லாரியின் டிரைவர் இஸ்ரவேல் பாறை மேல் நின்று இன்னொரு செய்தியைக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆளு சாவல்லடே! எழும்பி இருந்து கஞ்சி குடிக்காரு!"

பகவதியப்பன் மயங்கிக் கிடந்திருக்கிறார். மூக்கில் பஞ்சு வைக்கும்போது தும்மிவிட்டார். ஜெபகனி போய் இரண்டு மணி நேரம் கழித்துப் புறப்பட்டாலும் லாரி லாரிதானே, பிடித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தாணம்மாள்கூடச் சிரித்தாள். சுயம்புவும் சிரித்துக்கொண்டே பாறையில் கால் வைத்து ஏறினான். அவன் ஏறிய அளவுக்குத் தண்ணீரும் ஏறியது. ஒரு படி ஏறினான், தண்ணீர் ஒரு படி ஏறிக் கழுத்தளவிலேயே நின்றது. மூன்றாவது படியில் புளிச்சோற்றுப் பானை மிதந்து போனது. தலை உலர்த்திய பெண்கள் முந்தானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவன் பின்வாங்கி இறங்கியதும் தண்ணீரும் இறங்கிப் பழைய இடத்துக்குப் போயிற்று. அக்கரையில் ஏறிப் பார்த்தான். அங்கேயும் அதே கதைதான்.

மூன்று நாள் பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். கோயில் பூசாரி, கணக்கு எழுதுகிறவர், கருங்கல் சந்தைக்கு வந்துபோகிற வைத்தியர் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னாலும் கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. இழவுக்கு முழுக்கு ஆரம்பித்தாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. அதை முடிக்காமல் கரையேற முடியாது. உயிரோடு இருக்கிறவருக்கு அதை முடிக்கவும் கூடாது, முடித்தால் அவர் போய்விடுவார். ஆகவே பகவதியப்பன் முறையாகச் சாகும்வரை சுயம்பு தண்ணீரில்தான் இருந்தாக வேண்டும். மாமாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது, பல் எல்லாம் முழுசாக இருந்தது.

தாணம்மாளுக்கு அன்றுமுதல் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, கணவன் வீடு திரும்ப வேண்டும். அதற்கு ஒரு மனிதர் சாக வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஊரே அவளைப் பார்க்கும்போது பகவதியப்பனின் வீட்டையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.

சுயம்பு ஒரு கயத்தில் தங்கவில்லை. அணை திறந்ததும் கால்வாய் வழியாகப் புறப்பட்டுவிடுவான். ஆடியில் பூதப்பாண்டிப் பக்கம் பழையாற்றில் பார்த்ததாகச் சொல்வார்கள், புரட்டாசியில் தோவாளைக் கால்வாயிலேயே தலை தெரியும். கால்வாய் வற்றும் முன் மலைப் பக்கம் போய்விடுவான். எந்தச் சித்திரையில் எந்த அருவியில் இருப்பான் என்பது பூ ஏற்றிப் போகும் பஸ்காரர்கள் மூலம் தெரியவரும். சனங்கள் அதைக் கேட்டுத்தான் எங்கே குளிக்கப் போவது என்று முடிவு செய்தார்கள். அவன் இருக்கிற தண்ணீரில் யாரும் மூழ்கிச் சாகவில்லை என்பது ஒரு காரணம். எவ்வளவு வெயில் வருடமானாலும் அங்கே கழுத்தளவு தண்ணீர் இருந்தது என்பது இன்னொரு காரணம். நாகர்கோவிலிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள். மண்டைக்காட்டுக் கொடை விழாவுக்கு நடந்தவர்கள் வழியை வளைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். குழந்தைகள் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகின. 1950இல் மழை பொய்த்தபோது வயல்காரர்கள் சிலர் அவனைக் கூப்பிட்டு, கால்வாய்க் கரையில் கொஞ்சம் ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறினான். இரண்டு வயல் நனைந்தது. அந்த வருடம் பகவதியப்பனுக்கு நீண்ட ஆயுள் வேண்டி விளக்குப் போட்டவர்கள் அந்த இரண்டு வயலின் சொந்தக்காரர்கள்தான்.

தாணம்மாளும் வீட்டில் நிற்கவில்லை. முதலில் மாதம் ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை, தண்ணீர் இருக்கும் இடத்துக்கெல்லாம் நடந்தாள். கையில், அவன் தலை துவட்ட, உலர்ந்த துவர்த்து ஒன்று மடித்து வைத்திருப்பாள். அவன் கரையோரம் வருவான், அவள் ஊட்டிவிடும் சோற்றைத் தண்ணீரில் நின்றபடி தின்பான், பேசுவான், பேசிக்கொண்டே நகர்ந்து நகர்ந்து நடுவுக்குப் போய்விடுவான். அவனுக்கு வயது ஏறவில்லை. அவளுக்கு ஏறியது. கால்கள் வீங்கிப் போய் வீட்டுக்குத் திரும்பினாலும் படுக்க முடியாது, எழுந்து முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

பகவதியப்பன் வீட்டுக்கு அவள் போக ஆரம்பித்தது, ஒளிப்பானேன், ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்க்கத்தான். முறைப்படி சித்தப்பா என்று அழைக்க வேண்டிய அவரை, அவளும் கணவனைப் போல மாமா என்றே அழைத்தாள். தனியாளாக இருந்த அவர் அரைவேக்காட்டுச் சோற்றையும் சுட்ட அப்பளத்தையும் தின்றுகொண்டிருந்தார். போன கையோடு ஒரு குழம்பு வைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் ரசம். ஆறு மாதத்தில் அவருக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. அவர் குற்ற உணர்ச்சியோடுதான் தின்றார், ஆனால் நன்றாகத் தின்றார். சாயங்காலம் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டுவார்கள். அவர் சின்ன வயதில் சுயம்பு எப்படி ஓர் இடத்தில் நிற்காமல் ஓடுவான் என்று சொல்வார். அவள் அன்றைக்கு அவன் எந்தக் கயத்தில் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் இருந்தான் என்று சொல்வாள். இப்படியே நான்கு வருடம் போயிற்று.

1951 ஐப்பசியில் பகவதியப்பனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் வைத்தியர் கையை விரித்துவிட்டுப் போனார். ஊரில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. இரக்கம் இல்லாமல் அல்ல, தாணம்மாளுக்கு நல்லது நடக்கட்டும் என்று விலகி நின்றார்கள். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால் போதும்.

"விட்டுரு மக்கா," என்றார் பகவதியப்பன். "நான் போனா அவன் வருவாம்லா. ஒனக்க வயசும் போவுதே."

"பேச்செல்லாம் பொறவு. இப்பம் வாயத் தொறங்க."

நிலவேம்புக் கஷாயத்தைப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தாள். பதினோரு நாள் ஈரத்துணி மாற்றிப் போட்டாள். அவர் பிழைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தாள் என்று பலரும் கேட்டார்கள். அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பதினோரு நாளில்தான் நான்கு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஓரிடத்தில் அமர்ந்திருந்தேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சித்திரையில் காளிகேசத்துக் கயத்தில் சுயம்புவிடம் இதை அவளே சொன்னாள். "காய்ச்சல்ல போயிருப்பாரு. நாந்தான் விடல்ல." சுயம்பு அவளைப் பார்த்தான். பிறகு தண்ணீருக்குள் போனான். கரையில் சோறு தின்றுகொண்டிருந்த குடும்பங்கள் தின்று முடித்து, பாத்திரம் கழுவி, வண்டி பூட்டிப் போன பிறகும் அவன் மேலே வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் அவளோடு பேசவில்லை. தன் மீதே அவளுக்குக் கோபம் வந்தது, அவன் மீதும் வந்தது, யார் மீது அதிகம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தவித்தாள். ஆனாலும் வாராவாரம் நடந்தாள். திரும்பி வந்து மாமாவுக்குக் குழம்பும் வைத்தாள்.

1953இல் பெருஞ்சாணியில் புது அணை வந்தபோது அவன் அதிலும் ஒரு வருடம் இருந்தான். நாஞ்சில் நாடு எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சண்டை நடந்த வருடங்கள் அவை. அவனுக்கு அதெல்லாம் கரையிலிருந்து வந்த சத்தம்தான். 1956 சித்திரையில் உலக்கை அருவிக்குக் கீழே போய்ச் சேர்ந்தான். அந்த மாதம் பத்தாம் தேதி காலையில், பகவதியப்பன் இரண்டு இட்லி தின்றுவிட்டு, மூன்றாவதைப் பிட்டுக் கையில் வைத்தபடியே செத்துப்போனார். இந்தத் தடவை மூக்கில் பஞ்சு வைத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். தாணம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தும்மலுக்குக் காத்திருப்பவளைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபகனி சைக்கிளை எடுத்தார். ஒன்பது வருடமாக அவர் யாருக்கும் எந்தச் செய்தியும் சொல்லவில்லை, மழை வருகிறது என்றுகூடச் சொல்வதில்லை. பாறை மேல் ஏறி நின்றவர் இந்த முறை கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"மாமா போயிட்டாரு, சுயம்பு. இது நெசமாக்கும்."

"அன்னைக்கும் இப்பிடித்தான் பறஞ்சீரு," என்றான் சுயம்பு. "கண்ணால காணாம நான் முழுக மாட்டேன். அவரு உசிரோட இருந்து நான் முழுகினா, கொன்னது நானாயிரும்லா?"

ஜெபகனி சைக்கிளைத் திருப்பி ஊருக்கு மிதித்தார். கொள்ளி வைக்க வேண்டியவன் வராமல் பிணத்தை எடுக்கவும் முடியாது. எனவே பிணத்தை அவனிடம் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியலில் தோவாளைப் பூக்காரர்கள் அன்றைய சந்தைக்கு அனுப்ப வேண்டிய பிச்சியையும் அரளியையும் பாடை மேல் குவித்தார்கள். அழகியபாண்டிபுரம் வரை மாட்டுவண்டி போயிற்று, அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. ஏற்றத்தில் ஓர் ஆள் தடுக்கி விழுந்தபோது தாணம்மாள் தன் தோளைக் கொடுத்தாள். பெண் பாடை சுமக்கலாமா என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சு அங்கேயே நின்றது.

அருவிக்குக் கீழே மூன்று மணி வெயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. நாகர்கோவில் குடும்பங்கள், பஸ் பிடித்து வந்த திருச்சபைப் பெண்கள், மாங்காய் தின்கிற பிள்ளைகள். பாடையைக் கண்டதும் இலைகளை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். தண்ணீர் ஓரத்தில் இறக்கி வைத்தார்கள். சுயம்பு நீந்தி வந்து, கழுத்தளவு நின்று, மாமாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தான். கன்னத்தைத் தொட்டான். பிறகு கண்ணை மூடி, ஒன்று, இரண்டு என்று முழுகி எழுந்தான். பாறையில் கால் வைத்தான். தண்ணீர் அதன் இடத்திலேயே நின்றது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவன் முழங்காலை ஊர் பார்த்தது.

குழந்தைகள் கைதட்டினார்கள். அவன் ஈரம் சொட்ட, இருபத்தைந்து வயதோடு, தாணம்மாளைத் தேடினான். முப்பத்தோரு வயதான தாணம்மாள் பாடையின் கால்மாட்டில் விழுந்து, மாமாவின் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. வழி கேட்க வந்த அசலூர்க்காரனைப் போல அவன் பக்கத்தில் நின்றான்.

"ஏட்டி, இவரு செத்ததுக்கா இப்பிடி அழுக? நான் வந்துட்டேம்லா."

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் தாணம்மாள். "இவரு இனி வரமாட்டாருல்லா."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தான், அவளுக்குப் பக்கத்தில், பாறை மேல். அங்கேயே ஆற்றோரத்தில் விறகு அடுக்கிக் கொள்ளி வைத்தான். எரிந்து முடிந்ததும் எல்லோரும் முழுகினார்கள். தாணம்மாள் கடைசியாக இறங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகவே முழுகினாள், பாக்கி எதுவும் இல்லை. அப்படியும் அவள் கரையேறியபோது தண்ணீரும் முழங்காலளவு அவளோடு ஏறி வந்தது. நான்கு எட்டு வரைக்கும் வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு திரும்பிப் போனது. நாகர்கோவில் குடும்பங்கள் நனையாமல் செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு மாங்காயை நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.