நாக்குக்குத் தெரியாத உப்பு

வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் பிளந்து கிடந்தது. பிளவுக்குள் உப்பு ஏறியிருந்தது. மடக்கினால் ஒரு வலி, விரித்தால் இன்னொரு வலி. பஸ் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மடித்து அதில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கம்பியப் பிடிச்சு எறங்கும்மா, விழுந்து வெக்காத" என்றான் கண்டக்டர்.

"பிடிக்க கை இருந்தா பிடிக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தோல் மண்டியில் பதினோரு வருஷம். காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் ஒரு மணி வரை ஒரே வேலைதான். லாரியில் வந்து விழும் பச்சைத் தோலை விரிக்க வேண்டும், அழுகாமல் இருக்க உப்பை அள்ளி வீசித் தேய்க்க வேண்டும், மடித்து அடுக்க வேண்டும், அடுத்ததை விரிக்க வேண்டும். மண்டிக்குள் காற்றே உப்புத்தான். பல்லிடுக்கில், மூக்கில், இமை மயிரில் அது படிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக்கொள்வார்கள். யார் சமைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். வீட்டில் புருஷன்மார் கரிக்கிறது என்று கத்துவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆம்பளைக்கு நாக்கு நீளம், ருசி கம்மி என்பது மண்டியில் தீர்ந்துபோன வழக்கு.

அவளுடைய புருஷன் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருப்பான். காயை அதில் அலசி அலசித் தின்பான். "உன் குழம்புல கடல் மீன உசுரோட விட்டா குடும்பம் நடத்தும்" என்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் குடியிருந்த எட்டு வீட்டு வரிசையில் அவளுக்கு வைத்தியக்கா என்று பேர். பிள்ளைக்குக் காது வலி என்றால் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் வைப்பாள். சளிக்கு ஆவி. தொண்டைக் கட்டுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வாள். காய்ச்சலுக்கு ஈரத்துணி, வறட்டு இருமலுக்குத் தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு என்பதால் வரிசைப் பெண்கள் முதலில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். மண்டியில் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடாதவளுக்கு அந்தத் தட்டல் பெரிய சங்கதி. கை வலித்தாலும் எழுந்து போவாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு இஸ்திரிக்காரியுடையது. சலவை ஆலையில் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை அவளுக்கு வேலை. அவள் புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுபவன். போனால் இரண்டு மூன்று நாளைக்கு ஆள் கிடையாது. அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண். உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று பேர் விழுந்துவிட்டது. மண்டியிலிருந்து இவள் வந்து இறங்க, பிள்ளையை இவள் இடுப்புக்கு மாற்றிவிட்டு அவள் ஓடுவாள். ஒன்பது மாதமாக நடக்கும் ஏற்பாடு. இவளுக்குப் பிள்ளை கிடையாது. பட்டாணி பேசிய முதல் வார்த்தையே "க்கா" தான். பெற்றவளைப் பார்த்து அதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

அன்றைக்கு இஸ்திரிக்காரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"ராத்திரிலேருந்து தண்ணியா போகுதுக்கா. பத்து தடவைக்கு மேல இருக்கும். லீவு கேட்டேன், வரலன்னா வராமலே இருந்துக்கோன்னுட்டான் மேஸ்திரி."

"போடி போ. வயித்தால போறதெல்லாம் ஒரு நோயா? நான் பாத்துக்கறேன்."

"ஒரு ஜாடி கலக்கி வெச்சிருக்கேன். நம்ம வரிசைக்கு வர்ற நர்சம்மா சொன்ன மாதிரிதான். ஒரு லிட்டருக்கு ஆறு ஸ்பூன் சக்கர, அர ஸ்பூன் உப்பு. அழுதுட்டே இருந்தாளா, ஒழுங்கா எண்ணுனனான்னே தெரியல."

"ஸ்பூன் எல்லாம் கைப்பக்குவம் இல்லாதவங்களுக்குடி. நர்சு வேற என்ன சொன்னா? நாக்குல வெச்சுப் பாரு, கண்ணீர் அளவுக்குக் கரிக்கணும், அதுக்கு மேல கூடாது. அவ்வளவுதான் கணக்கு. ஓடு, பஸ்சு போயிடும்."

இஸ்திரிக்காரி பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு ஓடினாள்.

அந்த ஜாடி மூன்றரை மணிக்குத் தீர்ந்தது. பட்டாணி கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருந்தாள். இரண்டு வாய் கஞ்சிகூட இறங்கியது. வைத்தியக்கா இரண்டாவது ஜாடியைக் கலக்கினாள். சர்க்கரையைப் போட்டாள், உப்பை மூன்று விரலால் எடுத்துப் போட்டாள், கலக்கி நாக்கில் வைத்தாள். வெறும் சர்க்கரைத் தண்ணீர். உப்பு இல்லாவிட்டால் இந்த மருந்து வேலை செய்யாது என்று நர்சு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இன்னொரு முறை எடுத்துப் போட்டாள். அப்போதும் தெரியவில்லை. விரல் பிளவு எரிந்ததால் கரண்டியை எடுத்தாள். அரைக் கரண்டி. பிறகு இன்னும் கொஞ்சம். நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கரிப்பு தட்டியது. கண்ணீர் அளவு. திருப்தியாகப் பாட்டிலில் ஊற்றினாள்.

முதல் வாய்க்குப் பிள்ளை முகத்தைச் சுளித்தது. மருந்தென்றால் சுளிக்கத்தானே செய்யும்? தொடையில் படுக்கப் போட்டு, தாடையை அமுக்கி, கதை சொல்லிச் சொல்லிப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே பாட்டிலுக்குக் கை நீட்டியது. உதடு காய்ந்திருந்தது. குடித்தது, அழுதது, மறுபடி கேட்டது.

"கேட்டு வாங்கிக் குடிக்குது பாரு, இனி பயமில்ல" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னாள். குடிக்கக் குடிக்கத் தாகம் ஏன் கூடுகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. குடிப்பது நல்லது, அவள் அறிந்தது அதுதான்.

ஐந்து மணிக்கு அழுகை வேறு மாதிரி ஆனது. மெல்லிசாக, கம்பி போல. பிள்ளை தூக்கினால் துள்ளியது, விட்டால் துவண்டது. பிறகு கை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது.

செருப்பு போடாமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். எதிர்வீட்டுக்காரி ஆட்டோவை மறித்தாள். பையில் பாட்டிலையும் எடுத்துப் போட்டுக்கொண்டதுகூட, வழியில் இன்னும் இரண்டு வாய் கொடுக்கலாம் என்றுதான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். இவள் தரையில் உட்கார்ந்தாள். சலவை ஆலைக்குப் போன் போய், இஸ்திரிக்காரி வேலை உடுப்போடு வந்து சேர்ந்தாள். சந்தைக்கு மூட்டை இறக்க வந்திருந்த அவள் புருஷனும் அழுக்குத் துண்டோடு வந்தான். இளவயது டாக்டர் ஒருவர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு வெளியே வந்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

இவள் பாட்டிலை நீட்டினாள். டாக்டர் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போய், பக்கத்துத் தொட்டியில் துப்பினார்.

"இத யார் கலக்குனது?"

"நாந்தான் சார்" என்றாள் இஸ்திரிக்காரி. "அழுதுட்டே இருந்தா சார், ரெண்டு தடவ போட்டுட்டேனோ என்னவோ..."

"ரெண்டு தடவையா? வெறும் உப்பும்மா இது! ரத்தத்துல உப்பு ஏறி மூளை வரைக்கும் பாதிச்சிருக்கு. வாயில வெச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்காதா?"

வைத்தியக்கா வாயைத் திறந்தாள். நான் வைத்துப் பார்த்தேன் என்று சொல்லத்தான். அதற்குள் மூட்டைக்காரன் பெண்டாட்டி மேல் பாய்ந்துவிட்டான்.

"ஊரான் சட்டைக்கு மடிப்பு எடுக்கத் தெரியுது, பெத்த பிள்ளைக்குத் தண்ணி கலக்கத் தெரியலயாடி? நீயெல்லாம் ஒரு தாயா?"

இஸ்திரிக்காரியின் விரல்கள் காற்றில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த ஸ்பூன்களை.

டாக்டர் பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். எல்லோரும் அழுகையில் இருந்தபோது வைத்தியக்கா எழுந்து போய், ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். சரியாக இருந்தது. கண்ணீர் அளவு. இன்னொரு சொட்டு வைத்தாள். அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

பாட்டிலைத் திட்டிலேயே திருப்பி வைத்தாள். வாட்ச்மேனின் கிண்ணம் தண்ணீர் நினைவுக்கு வந்தது. டிபன் பாக்ஸ்களின் மேல் உப்பு தூவும் கைகள் நினைவுக்கு வந்தன. மண்டியில் ஒருத்திக்கும் நாக்கு இல்லை. பதினோரு வருஷத்தில் உப்பு அதைத் தின்று தீர்த்திருக்கிறது, அவள் கவனிக்கவேயில்லை.

பத்தொன்பது நாள் கழித்துப் பட்டாணி வீட்டுக்கு வந்தாள். உயிர் தங்கிவிட்டது. இடது காலை இழுத்து இழுத்து நகர்ந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, சுவரில் ஏதோ ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "க்கா" போய்விட்டது. வரும் என்றும் சொன்னார்கள், வராமலும் போகலாம் என்றும் சொன்னார்கள். இஸ்திரிக்காரி வேலையை விட்டாள். ஒவ்வொரு முறை ஊர் திரும்பும்போதும் மூட்டைக்காரன் அதே கேள்வியைக் கேட்பது சுவர் வழியாக இவளுக்குக் கேட்டது.

வரிசைப் பெண்கள் இன்னும் இவள் கதவைத் தட்டினார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று திருப்பி அனுப்பினாள். கர்வம் வந்துவிட்டது என்றார்கள் சிலர்.

ஒரு மத்தியானம் மண்டியிலிருந்து வந்தபோது இஸ்திரிக்காரி வாசலில் உட்கார்ந்து பிள்ளையின் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் தள்ளி இடம் விட்டாள்.

"உக்காருக்கா. ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல? என்மேல கோவமா?"

"உன்மேல எனக்கு என்னடி கோவம்?"

"நியாயமா கோவப்படணும். நீ அன்னைக்குத் தூக்கிட்டு ஓடலன்னா இந்த உசுரும் இல்ல. நான் கொல்லப் பாத்தேன், நீ காப்பாத்துன. இந்த ஜென்மத்துல உனக்கு நான் கடன்பட்டுட்டேன்க்கா."

"அப்படிச் சொல்லாத."

"சொல்லுவேன். யார்கிட்ட வேணா சொல்லுவேன்."

வைத்தியக்கா பிள்ளையின் காலைத் தொட்டாள். அது சூடாக, கனமாக, அசைவில்லாமல் இருந்தது. இரண்டாவது ஜாடியைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். சொன்னால் இந்த வாசல் போய்விடும், இந்தக் கால் போய்விடும், வரிசையில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதையும் போய்விடும். சொல்லாவிட்டால் இஸ்திரிக்காரி அந்த ஸ்பூன்களை எண்ணிக்கொண்டே இருப்பாள்.

"எண்ணெய கொஞ்சம் சூடு பண்ணி நீவுடி" என்று மட்டும் சொன்னாள். எழுந்து தன் வீட்டுக்குள் போனாள்.

கடன்பட்டவள் இஸ்திரிக்காரி இல்லை. அவளுக்குச் சேர வேண்டியது ஒரே ஒரு பேச்சு: இரண்டாவது ஜாடியைக் கலக்கியது நான், உப்பை அள்ளிப் போட்டது என் கை, நீ எண்ணிப் போட்டது சரிதான். அதை வைத்தியக்கா இன்னும் கொடுக்கவில்லை.